சட்டை கழற்றிய வெள்ளிக்கிழமை

சென்ற செவ்வாய் காலை 8.10க்கு அஜின்கோர்ட் தரிப்பிடத்தில் நான் ஏறிய பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ர மார்பைக் குறைச்சு ஏழு கிழமை, மச்சான். ஒப்பரேஷன் வீக்கம் வத்த, இப்ப இடப்பக்கம் குழி தெரியுது.”

“திருத்தேலாதாமோ?”

“டொக்டர் ஆறு மாசம் பொறுக்கட்டாம்.”

“அப்ப இந்த முறையும் கோயிலில சேட்டைக் கழட்டமாட்டாய். வெளியில நிண்டு செருப்புக்குக் காவல்தான்.”

“இல்லையடா. வெள்ளிக்கிழமை கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போனனான்.”

“குழியோடயோ?”

“ஓம். ஐயர் தந்த சந்தனத்தை அந்தக் குழியிலதான் பூசினனான்.”

கேலி செய்தவன் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“எப்பிடி இருந்தது?”

“பதினாலு வயசில நெஞ்சு வளரத் தொடங்கினதுக்குப் பிறகு, அண்டைக்குத்தான் சேட்டில்லாமல் ஆக்களுக்கு முன்னால நிண்டனான். நெஞ்சில காத்துப் பட்டுது, மச்சான். காத்து!”