பார்க்ல நின்னுக்கிட்டே ஓடின கார்

இல்லடா டினிஸ், நான் உக்கார வரல. காப்பியும் வேணாம். அந்த ரேடியோவை அணை முதல்ல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அந்தப் பனிக்காலத்துக் காலைல நடந்ததுன்னு நீ ஒரு கதை சொன்னியே, அதை இத்தனை வருஷத்துல நான் முழுசா நம்பினதே இல்ல. நம்பாமலும் இருந்ததில்ல. மாட்டுக்குக் கறவை மெஷினை மாட்டிட்டு நிக்கறப்பல்லாம் மண்டைக்குள்ள அதேதான் ஓடும். ஒடீலியா சொன்னது நெசமா, டினிஸ் சொன்னது நெசமா. ஒரு நாள் பொண்டாட்டி பக்கம் சாய்வேன். மறுநாள் உன் பக்கம்.

எந்தக் கதையா? நல்லா இருக்குடா. ஊர் பூரா சொன்னவன் நீ. திருவிழாவுல எல்லாருக்கும் சூப் ஊத்திக்கிட்டே சொன்னவன். சரி, நானே சொல்றேன். தப்பா இருந்தா திருத்து.

நான் அன்னிக்குப் பண்ணைல இருந்தேன். நீட்டின கை தெரியாத பனி. என் பொண்ணு நடெர்சியா கராஜ் கதவைத் தூக்கறதுக்காக, வாசல்ல நின்ன காருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. ஒடீலியா அவ காரை ஸ்டார்ட் பண்ணா. கார் துள்ளிப் பாஞ்சு அந்தப் புள்ளையைக் கதவோட வச்சு இடுப்புல நசுக்கிடுச்சு. எதிர்வீட்லேருந்து முதல்ல ஓடிவந்தது நீ. இதுவரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க. இதுக்கு மேலதான் ரெண்டா பிரியுது.

ஒடீலியா என்ன சொன்னா? நான் காருக்குள்ள உக்காரவே இல்ல, வெளிய நின்னு ஜன்னல் வழியா கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்னு, அப்படின்னா. ஏன், நம்ம ஊர்ல பனிக்காலத்துல எவன் அப்படிப் பண்ணல? நீ பண்ணுவே. உங்கம்மா நைட்டியோட வந்து பண்ணுவா. எல்லாம் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, ஒண்ணும் ஆகாதுன்னு பழகின கை.

நீ என்ன சொன்னே? போலீஸ்காரன்கிட்ட நெஞ்சை நிமித்திக்கிட்டு, நான் அரசாங்க லைசன்ஸ் வாங்கின ஆளு, இந்தக் காருக்குக் கியர் பாக்ஸ் மாத்தினதே நான்தான்னே. இது கையால கியர் போடற வண்டி, கிளட்ச்சை மிதிக்காம ஸ்டார்ட்டே ஆகாது, அந்தம்மா உள்ள உக்காந்துதான் இருந்திருக்கு, கால் வழுக்கியிருக்கு, பயத்துல மாத்திச் சொல்லுதுன்னே. அவன் அப்படியே எழுதிக்கிட்டான். வேற என்ன பண்ணுவான்? படிச்ச டாக்டர் சொன்ன மாதிரி சொன்னியே.

அந்த ஒரு வார்த்தைல எம் பொண்டாட்டி பொய்க்காரி ஆயிட்டா. நடெர்சியா ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் என்ன சொன்னா தெரியுமா? அம்மா கால் வழுக்கிச்சுன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்ப்பா, நான் நசுங்கிக் கெடந்த இடத்துலயே பொய் சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியலன்னா. அன்னியோட அம்மாகிட்ட பேச்சு நின்னுபோச்சு. கல்யாணத்துக்குக் கூப்பிடல. இப்ப குழந்தை பொறந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கெழமை ஞானஸ்நானம். புள்ளையைத் தாங்கப் போறது யாரு? நீ. நடெர்சியாவுக்கும் நீதான் ஞானத்தகப்பன், அவ குழந்தைக்கும் நீதான். சொந்தப் பாட்டி வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருப்பா.

நான் என்ன பண்ணேன்னு கேக்கறியா? அதை உன்கிட்ட ஒப்பிக்கணும்னு எனக்கு அவசியம் இல்ல.

அந்தக் கிழவரை அப்பறம் வரச் சொல்லு. புகை டெஸ்ட்டு நாளைக்கும் பண்ணிக்கலாம். பெரியவரே, நாளைக்கு வாங்க, இவருக்கு உடம்பு சரியில்ல. பாருங்க மூஞ்சியை. ஆங், போயிட்டு வாங்க.

ஏன்டா, நான் அந்தக் காரைக் கொட்டகைலேருந்து வெளிய எடுத்ததும் முதல்ல உன்கிட்டதானே வந்தேன்? மருமகனுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன், திரும்ப ரோட்ல ஓட்டணும்னா புகை டெஸ்ட்டு பாஸாகணும், பண்ணிக் குடுடான்னேன். பழைய இரும்புக்குப் போடுன்னே. வேணாம்டான்னேன், நானே வந்து இழுத்துக்கிட்டுப் போறேன்னே. என்ன அக்கறைடா உனக்கு! போன தடவை நீயேதானே அதைப் பாஸ் பண்ணி விட்டே? கியர் பாக்ஸ் மாத்தின கையோட, உன் கடைல, உன் மெஷின்ல.

அதான் வேற ஊருக்குக் கொண்டுபோனேன். ஆமா, உன்கிட்ட சொல்லாமதான். அங்க ஒருத்தன் ஒயரைச் சொருகிப் பாத்தான், தலையைச் சொறிஞ்சான். எனக்குப் புரியல, கியர் பாக்ஸ் மாத்தின வண்டி, அரசாங்க ஆபீஸர்கிட்ட காட்டிட்டு வான்னு அனுப்பிட்டான். அந்த ஆபீஸர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி, வாய்ல சூயிங்கம். காரை ரோலர் மேல ஏத்தி ஓட்டிக்கிட்டே கம்ப்யூட்டரைப் பாத்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சிடுச்சு. மிஸ்டர் போர்பா, உங்க காரு பார்க்ல நின்னுக்கிட்டே அறுபது மைல் வேகத்துல ஓடுதுன்னுச்சு.

எனக்கு ஒண்ணும் விளங்கல. அப்பறம் பொறுமையா சொல்லுச்சு. கியர் பாக்ஸை மட்டும் மாத்தியிருக்காங்க, கம்ப்யூட்டரு பழசுதான், அது இன்னும் தன்னை ஆட்டோமேட்டிக்னே நெனச்சுக்கிட்டு இருக்கு. பழைய பாக்ஸ்லேருந்து ரெண்டு ஒயர் வரும். வண்டி பார்க்ல, அதாவது நகராம நிக்கற கியர்ல இருக்கு, ஸ்டார்ட் பண்ணலாம்னு சொல்ற ஒயரு. பாக்ஸைக் கழட்டினா அது அந்தரத்துல தொங்கும், வண்டி கெளம்பாது. ஒழுங்கான ஆளு அதைக் கொண்டுபோய்க் கிளட்ச் பெடல்ல ஒரு சுவிட்ச்சு வச்சு அதுல சேப்பான். உங்க ஆளு ரெண்டையும் சேத்து முறுக்கி டேப்பைச் சுத்திட்டான். டேஷ்போர்டுக்கு அடில, இதோன்னு டார்ச் அடிச்சுக் காட்டுச்சு. காரு எப்பவும் பார்க்லயே இருக்கறதா கம்ப்யூட்டரை ஏமாத்தியாச்சு. வார்னிங் லைட்டும் எரியாது, கேள்வியும் கேக்காதுன்னுச்சு.

பச்சை டேப்புடா. ஊர்ல எல்லாரும் கறுப்பு டேப்பு சுத்துவான், நீ ஒருத்தன்தான் நம்ம பூர்வீக நாட்டுக் கொடி கலர்னு பச்சை சுத்துவே. எங்க பாத்தாலும் தெரியும், டினிஸ் கை வச்ச ஒயர்னு.

அப்ப கிளட்ச்சை மிதிக்காம ஸ்டார்ட் ஆகுமான்னு கேட்டேன். தாராளமா ஆகும், கியர்ல நின்னா பாயும்னுச்சு.

இரு, இரு. நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும். ஆபீஸர் சொன்னதை வச்சு வந்து நிக்கலடா நான். வீட்டுக்குக் கொண்டாந்து நானே பண்ணிப் பாத்தேன். கொட்டகைச் சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி, முதல் கியர்ல போட்டு, வெளிய நின்னு, ஒடீலியா சொன்ன மாதிரியே ஜன்னல் வழியா கையை விட்டுத் திருப்பினேன். பலகை உடைஞ்சு உள்ள போயி தீவன மூட்டைல முட்டிக்கிட்டு நின்னுச்சு. என் தோள்பட்டையையும் இழுத்துருச்சு. இதோ பாரு, கையைத் தூக்க முடியல. ஒடீலியாவுக்கும் அன்னிக்கு இதே தோளு வீங்கியிருந்துச்சு. சீட்ல உக்காந்திருந்தவளுக்குத் தோளு ஏன்டா வீங்குது? எவனாவது கேட்டோமா?

ம். ம். சொல்லு. கேக்கறேன்.

அந்த சுவிட்ச்சு உடைஞ்சிருந்துச்சு. சரி. புதுசு வர நாளாகும்னாங்க. சரி. நடெர்சியா காரு வேணும்னு அவசரப்படுத்தினா, டெஸ்ட்டை முடிச்சுக் குடுத்துட்டு அப்பறமா போட்டுக்கலாம்னு இருந்தே, அப்படியே மறந்துபோச்சு. அன்னிக்குக் காலைல போலீஸ்காரன்கிட்ட பேசறப்ப அந்த ஒயர் ஞாபகமே இல்ல. சுவிட்ச்சு இருக்குன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னே.

சத்தியமா? அம்மா மேல? அழாதடா. இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு.

சரி. மறதிதான். உன்னைத் தூக்குல போடவா வந்தேன்? வேலை தெரிஞ்சவனுக்கும் மறதி வரும். நானே எத்தனை தடவை பால் டேங்க்கு வால்வை மூடாம போயிருக்கேன். மறதின்னா அதை ஞாயித்துக்கெழமை எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிடலாம். ஒடீலியா பொய் சொல்லல, நான் ஒயரை மறந்துட்டேன், அவ்ளோதான். சொல்லுவியா? தலையை ஆட்டாத, வாயால சொல்லு. சரி.

மூஞ்சியைத் தொடை. வெளிய ட்ரக்ல நடெர்சியா இருக்கா. ஆமா, ஜன்னலை இறக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கா, எல்லாம் கேட்டிருக்கும். நான் கூட்டிட்டு வரல, அவளேதான் வந்தா. கொட்டகைல நடந்ததைச் சொன்னதும் ட்ரக்ல ஏறி உக்காந்துட்டா. அப்பறம், அப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும், என் வாயால கேக்க வராது, நீங்க கேளுங்கன்னா.

கதவுல நசுங்கிக் கெடந்தப்ப கழுத்தை மட்டும் திருப்பிப் பாத்தாளாம். காரோட முன் கண்ணாடி வழியா நீ தெரிஞ்சியாம். ஓடி வந்தே, அவகிட்ட வரல, கார்க் கதவைத் திறந்து உள்ள குனிஞ்சே. தலையே தெரியாத அளவுக்குக் குனிஞ்சே. அவ கத்திக்கிட்டே இருந்தாளாம். அப்பறம்தான் வந்து காரைப் பின்னால தள்ளினியாம். இத்தனை வருஷமா அவ என்ன நெனச்சா தெரியுமா? டினிஸ் மாமா ஹேண்ட் பிரேக்கை இழுக்கத்தான் குனிஞ்சாரு, அதான் நான் பொழச்சேன்னு. அதுக்காகத்தான் தன் புள்ளையை உன் கைல குடுக்க இருந்தா.

ஹேண்ட் பிரேக்கு ரெண்டு சீட்டுக்கும் நடுவுலடா இருக்கு. ஒயர் ஞாபகமே இல்லேன்னா, நீ எதுக்கு டேஷ்போர்டுக்கு அடில குனிஞ்சே?