பின்னால நின்னு கை காட்டுறவ

மேல இருக்கறது கேக்கு சார். ஆட்டுக்கறி அதுக்கு அடியில இருக்கு. நானே சொல்லிடறேன், நீங்களா தேடி எடுத்தா எனக்கு மரியாதை இல்ல. புகை போட்ட ஆட்டுத்தொடை. எம்பொண்ணு தோரா குடுத்துவிட்டது. எங்க ஆளுங்க ஐஸ்லாந்துல இருந்து கப்பல் ஏறி கனடாவுல மேனிடோபாவுக்கு வந்தப்ப வேற என்னத்தக் கொண்டு வந்தாங்களோ தெரியாது, ஆட்டுத்தொடையப் புகையில தொங்கவிடற புத்திய மட்டும் பத்திரமா கொண்டு வந்துட்டாங்க. இத எடுத்துக்கிட்டு பார்டர் தாண்டி உங்க அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாதுன்னு தெரியும் சார். வருஷா வருஷம் தெரியும். வருஷா வருஷம் நானும் கொண்டு வருவேன், நீங்களும் புடுங்கிக்குவீங்க. குப்பையிலதான் போடறோம்னு சொல்றீங்க, நானும் நம்பறேன்.

கேக்கு மட்டும் இருக்கட்டும். அதுல கறி இல்ல, முட்டை வெந்துபோச்சு. ஏழு அடுக்கு, நடுவுல பிளம்ஸ் ஜாம். அதுமேல சர்க்கரை பூசலாமா கூடாதான்னு எங்க ஊருல ஒவ்வொரு குடும்பமும் ரெண்டு கட்சி. ரூனா பூசமாட்டா. தோரா பூசிட்டா. ஆத்தாளும் மகளும் அதுக்கே ஒரு நாள் பூரா பேசிக்கல.

ரூனாவா? என் சம்சாரம் சார். உங்க கையில ரெண்டாவது பாஸ்போர்ட் இருக்குல்ல, போட்டோவுல முறைச்சுக்கிட்டு, அவதான். நேர்ல இன்னும் நல்லா முறைப்பா.

வண்டிக்குள்ளயே பின்னாடி இருக்கா. அந்தத் திரை தெரியுதுல்ல, அதுக்கு அங்கிட்டு கட்டில். படுத்துருக்கா. இல்ல இல்ல, எழுப்ப வேணாம் சார், இப்ப வேணாம். உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோவம். கோவம் வந்துச்சுன்னா எம்பக்கத்துல உக்கார மாட்டா, பின்னாடி போயி திரைய இழுத்து விட்டுக்குவா. ஒருதடவை கன்சாஸ் வரைக்கும் அப்பிடியே வந்தா. சோத்துக்குக்கூட வெளிய வரல, நான் தட்டத் திரைக்குக் கீழ தள்ளிவிட்டேன், காலித் தட்டு திரும்பி வந்துச்சு. ஜெயில்ல பண்ற மாதிரி. அதுல யாரு கைதின்னுதான் எனக்கு இன்னும் புரியல.

அய்யய்யோ, அந்தக் குழாயத் தொறக்காதீங்க... சரி, தொறந்துட்டீங்க. பயப்படாதீங்க சார், விஷமில்ல. ஓடுற வண்டியில குளிர்ல குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சா குழாயே வெடிச்சிரும். அதனால உறையாத மருந்து, இந்த ரோஸ் கலர் தண்ணிய ஊத்தி வெச்சிருவோம். வண்டியே வீடா இப்பிடிக் கேரவன் வெச்சிருக்கவங்க எல்லாரும் செய்யறதுதான். தெக்க போகப் போக, ராத்திரியில உறையாத ஊர் ஒண்ணு வரும்ல, அங்க வண்டிய நிறுத்திக் குழாயத் தொறப்போம். மொதல்ல ரோஸா வரும், அப்பறம் வெளுக்கும், அப்பறம் நல்ல தண்ணி. ரூனாதான் தொறப்பா. வந்துருச்சு வந்துருச்சுன்னு கத்துவா பாருங்க, பக்கத்து வண்டிக்காரன்லாம் எட்டிப் பாப்பான். அந்தத் தண்ணியில ஒரு டீ போட்டுக் குடிச்சாத்தான் எங்களுக்குக் குளிர்காலம் முடிஞ்ச மாதிரி.

அரிசோனாதான் சார், வருஷா வருஷம். ஆறு மாசத்துக்குள்ள திரும்பிருவோம், சட்டம் தெரியும். வேலையெல்லாம் பாக்கல. அங்க எனக்கு இருக்கற ஒரே வேலை குதிரைலாடம் எறியறது. மண்ணுல கம்பி நட்டு லாடத்த அதுல விழற மாதிரி எறியணும். எங்க கேரவன் பார்க்குல நாந்தான் கேப்டன். அந்த மினசோட்டாக்காரன் ஒருத்தன் போன வருஷமே என் எடத்துக்குக் கண்ணு வெச்சிட்டான். உங்க ஊர்க்காரன், கோச்சுக்காதீங்க, கொஞ்சம் கள்ளாட்டம்.

ஏன் போறேன்னா? என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க. நான் வின்னிபெக் ஏரியில மீன் புடிச்சவன். வெயில் காலத்துல புடிக்கற மீன் இல்ல. குளிர்காலத்துல, ஐஸ்ல ஓட்டை போட்டு, அடியில வலைய விட்டு, கையில இழுத்து. இந்த விரலப் பாருங்க. இதுவும் இதுவும் எனக்குச் சொந்தமே இல்ல, குத்தினாலும் தெரியாது. வேலைய விட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே ஐஸ்ங்கறத கிளாஸ்லகூடப் பாக்கமாட்டேன்னு. வீட்ட வித்து இந்த வண்டிய வாங்கினதே அதுக்குத்தான். ரேடியோவுல நேத்தே சொன்னான், வடக்க இருந்து பனிப்புயல் வருதுன்னு. அது வர்றதுக்குள்ள உங்க ஊரத் தாண்டிரணும்னு பாத்தேன். நீங்க என்னடான்னா இந்தக் கேக்கப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கீங்க.

சும்மா சொன்னேன் சார். நிதானமாவே பாருங்க.

சண்டையா? அதையா கேக்கறீங்க? உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இன்னும் இல்லையா? அப்பக் கேட்டுக்குங்க தம்பி, பின்னாடி உதவும்.

எம்பொண்ணுக்குப் பையன் பொறந்துருக்கான். மூணு வாரம் ஆகுது. ஆரின்னு பேரு. ஆர்போர்க்ல இருக்கா, அதான் எங்க ஊருக்குப் பக்கத்துல. மருமகன் வடக்க சுரங்கத்துல வேலை. ரெண்டு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. நாங்க தெக்க போற வழியில பேரனப் பாத்துட்டுப் போலாம்னு அவ வீட்டு முத்தத்துல வண்டியப் போட்டோம். தெக்க போற வழின்னு சொன்னேன்ல, அது வடக்க இருக்கு. ரூனா சொன்னா வழின்னா வழிதான்.

பையன் நல்லா இருக்கான். மூஞ்சி அப்பிடியே பிக்கரல் மீனு, கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிட்டு. நான் தூக்கினா அழமாட்டான். மத்த யார் தூக்கினாலும் அழுவான், நான் தூக்கினா அழமாட்டான். இந்த விரல் சில்லுனு இருக்குல்ல, அதப் புடிச்சு வாயில வெச்சுக்குவான். எனக்கு அது தெரியாது, பாத்தாத்தான் தெரியும்.

நேத்து சாப்பிடும்போது ரூனா மெதுவா ஆரம்பிச்சா. இந்தக் குளிருக்கு இங்கயே இருந்துரலாம், கீழ் ரூம் காலியாத்தான் கெடக்கு, தோரா ஒண்டியா கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா அப்பிடின்னா. நான் ஐஸ் கதையச் சொன்னேன். அவ, கிழவா, ஐஸ் வீட்டுக்குள்ள வராது, நீ வாசலுக்கே போக வேணாம், குழந்தைய மடியில வெச்சுக்கிட்டு அடுப்புப் பக்கத்துல உக்காருன்னா. நான் லாடத்தப் பத்திச் சொன்னேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனைக்கறேன். நீ இரும்பத் தூக்கி எறியறதுக்கு நான் ஏன் வெயில்ல உக்காந்து கை தட்டணும்னா. தோரா எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கும் சுருக்குனு ஆயிருச்சு. வண்டி காலையில ஏழு மணிக்குக் கிளம்பும், வர்றவங்க வரலாம்னுட்டேன்.

ஆமா தம்பி. அப்பிடியேதான் சொன்னேன். சொல்லும்போது நல்லா இருந்துச்சு.

அவ ஒண்ணும் சொல்லல. ரூனா பேசினா பிரச்சினை இல்ல, கேட்டுக்கிட்டே மீன் செதில் சுரண்டலாம். பேசலைன்னாத்தான் வெவகாரம்.

ஆனா காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சிட்டா. காப்பி போட்டுக் குடுத்தா. கையுறைய மாட்டிக்கிட்டு வெளிய போயி நின்னா. எனக்கு அப்பவே மனசு ஆறிப்போச்சு. கையுறைன்னா, நான் வலை இழுக்கறப்பப் போட்டது, ஆரஞ்சுக் கலர் ரப்பர், முழங்கை வரைக்கும் வரும். வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப அவதான் பின்னால நின்னு கை காட்டுவா. கண்ணாடியில அந்த ஆரஞ்சு மட்டும் பளிச்சுனு தெரியும். வாக்கிடாக்கியெல்லாம் வாங்கிப் பாத்தோம், ரெண்டு பேரும் அதுலயும் சண்டை போட்டோம். கைதான் சரி. ரெண்டு கையையும் தன் பக்கம் இழுத்தா, வா. ஒரு கைய நீட்டினா, அந்தப் பக்கம் ஒடி. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்க வெச்சா, நில்லு. நின்னதும் சுத்தி வந்து பக்கக் கதவுல ஏறுவா. ஏறிட்டேன்னு சொல்ற வழக்கமெல்லாம் இல்ல, செவுத்துல ரெண்டு தட்டு. டொக் டொக். அப்பறந்தான் நான் கியரப் போடணும். எவ்வளவு கோவமா இருந்தாலும் அந்த ரெண்டு தட்டு உண்டு.

இன்னைக்குமா? கேட்டேனே. டொக் டொக்னு கேட்டுச்சு.

தோரா வீட்டு வழி ரொம்பக் குறுகல். ரெண்டு பக்கமும் பள்ளம், மேல பனி மூடிக்கெடக்கு, எது வழி எது பள்ளம்னே தெரியல. அவ இல்லைன்னா இந்த வண்டி இப்பப் பள்ளத்துல மல்லாந்து கெடக்கும். ஊசியில நூல் கோக்கற மாதிரி ரோட்டுக்குக் கொண்டு வந்து விட்டா.

எது, அந்தக் காப்பியா? அது அவளுக்கு வாங்கினது. வின்னிபெக் தாண்டி பெட்ரோல் போட நின்னேன், ரெண்டு காப்பி, அவளுக்குப் புடிச்ச கஸ்டர்ட் வெச்ச டோனட் ஒண்ணு. ஆமா, அப்பிடியே இருக்கு. சொன்னேன்ல, கோவம். நீங்க வேணா டோனட்ட எடுத்துக்குங்க.

பூட்ஸா? வாசல்ல என்னோடது மட்டுந்தான் இருக்கா? அவ... பூட்ஸோடயே ஏறிப் படுத்துருப்பா. எனக்குப் புடிக்காதுல்ல, அதுக்குன்னே.

தம்பி, சிரிச்சிட்டீங்க பாருங்க. ரெண்டு பாஸ்போர்ட் இருக்கு, ரெண்டு மூஞ்சி பாக்கணும், உங்க வேலை அது. எனக்கு வெளங்குது. நான் ஒண்ணும் மறைக்கல. சரி, போங்க. மெதுவாப் போங்க, நீங்க நல்ல கனம், வண்டி ஆடுது...

அந்தச் சத்தமா?

அது ஒண்ணுமில்ல. வாணலி. ஓடறப்ப உருளக்கூடாதுன்னு அடுப்புப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிருவோம். வண்டி ஆடினா இடிக்கும். இன்னொரு தடவை கால மாத்தி வைங்க. ம். டொக் டொக்.

ஆமா தம்பி. அதே சத்தந்தான்.

காத்து அடிச்சாலும் இடிக்கும்.

திரையத் தொறக்காதீங்க, ஒரு நிமிஷம். நானே தொறக்கல. மூணு மணி நேரமா வர்றேன். அந்தக் காப்பிய வெச்சேன்ல, அங்கிருந்து கைய நீட்டினா திரை. நீட்டல. தொறக்காத வரைக்கும் தூங்கறான்னுதானே அர்த்தம். நானும் ஊர் ஊராப் பேசிக்கிட்டே வந்தேன். மோரிஸ் வந்துருச்சு ரூனான்னேன். காத்து கம்மியாயிருச்சு ரூனான்னேன். பதில் வரல. பதில் வராதுதானே, கோவமா இருக்கறப்ப.

காலையில கண்ணாடியில பாத்தேன் தம்பி. ரோட்டுல நேரா நிறுத்திட்டா. இப்பக் கைய குறுக்க வெப்பா, நிக்கலாம்னு பிரேக்குல கால வெச்சுக்கிட்டு இருக்கேன். குறுக்க வெக்கல. ரெண்டு உள்ளங்கையையும் என்னப் பாத்து விரிச்சு, தள்ளினா. போ, போன்னு. கோவமாக்கூட இல்ல. வாசல்ல வந்து நிக்கற வாத்த வெரட்டுவோமே, அப்பிடி. நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். அப்பத்தான் டொக் டொக்னு கேட்டுச்சு. அது போதும்னு எடுத்துட்டேன்.

நீங்க பாத்துட்டீங்களா. மடிச்ச போர்வைதானே இருக்கு. ம். அவ எந்திரிச்சதும் மடிச்சிருவா.

தம்பி, ஆள் எத்தனைன்னு எழுதிட்டீங்களா? ரெண்டுன்னு எழுதியிருந்தா அடிச்சிருங்க. இருங்க, ஒண்ணுன்னும் எழுத வேணாம். நான் இன்னும் உங்க ஊருக்குள்ள வரலதானே? வண்டிய விட்டுச் சோதிக்கற இந்தக் கொட்டகை கணக்குல வராதுல்ல? அப்ப சரி. லாடத்த அந்த மினசோட்டாக்காரனே எறியட்டும், கள்ளாட்டம் ஆடறதுக்குக் கை தட்ட ஆள் வேணும்ல, வெச்சுக்கட்டும். ரோஸ் தண்ணி மார்ச் வரைக்கும் குழாய்லயே கெடக்கட்டும். புயல் வந்தா வரட்டும், வண்டிய வடக்க திருப்பி நேரா அது மூஞ்சியிலயே போறேன். அந்த ஆட்டுத்தொடையக் குடுங்க. ஆமா, வேணும். உள்ள வரலைன்னா அதப் புடுங்க உங்களுக்கு அதிகாரம் இல்லைல்ல? சிரிக்காதீங்க, பாஸ்போர்ட்ட ரெண்டையும் சேத்துக் குடுங்க.

ஆனா ஒரு உதவி பண்ணணும். முன்னாடி செவுரு, பின்னாலதான் எடுக்கணும். ஆள் இல்லாம நான் இத ரிவர்ஸ் எடுத்ததே இல்ல. பின்னால போயி நில்லுங்க, இடது பக்கக் கண்ணாடியில நீங்க தெரியணும். கையுறை இருந்தாக் குடுத்துருப்பேன், அது அவ கையில இருக்கு. வெறுங்கையாலயே காட்டுங்க, நல்லா ஒசக்க. அந்தக் கம்பத்தத் தாண்டி நேரா வந்ததும் ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்க வெச்சிருங்க, நான் நின்னுருவேன். போ போன்னு மட்டும் தள்ளிராதீங்க தம்பி. சொன்னா போயிடற ஆளு நான்.