சுண்ணாம்புக்கு அடியில் மூன்று தட்டு

விளக்கைக் குறையுங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள். வேடிக்கைக் கதை கேட்க உங்களை அழைக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற அழைக்கிறேன். எந்த நீதிமன்றமும் விசாரிக்காத வழக்கு இது. ஆறு பெண்களை நிலநடுக்கம் கொன்றது என்று ஊர் ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொய். நிலம் அவர்களை விட்டுவைத்தது... மனிதன் விட்டுவைக்கவில்லை.

முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள். போகிறவர் தனியே போக வேண்டியிருக்கும். நம் எல்லோருக்கும் வீடு கடற்கரைச் சாலை வழியாகத்தான்.

என் நண்பன் பிஹியை உங்களுக்குத் தெரியும். முன்பற்கள் நான்கும் இல்லாத மீனவன். கேட்டால், "மீன் முள்ளு குத்துதுன்னு நானே புடுங்கிப் போட்டுட்டேன்" என்று சிரிப்பான். அந்தப் பற்கள் எங்கே விழுந்தன என்று இன்றைக்குச் சொல்கிறேன். அவனுடைய தங்கை தூதா. தங்கையின் கணவன் இத்தர். நடந்தது இத்தருக்கு.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ரமலான் மாதத்து மூன்றாம் இரவு. மணி பதினொன்று நாற்பது.

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இத்தர் கொதிகலன் காவலன். சங்குக் கயிறு அவன் கையில். படகு கரைக்கு வந்ததும் கயிற்றை இழுப்பான். மலையடிவாரம் வரை அந்தச் சங்கு அலறும். நள்ளிரவானாலும், குழந்தை பெற்ற பத்தாம் நாளானாலும், சங்கு கேட்டால் பெண்கள் கத்தியோடு ஓட வேண்டும். கரையோரம் இருந்த ஃபுந்தித் தெருவில் ஒரு வழக்கம். முதலில் கேட்டவள் பித்தளை உரலின் உலக்கையால் சுவரில் மூன்று முறை தட்டுவாள். கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரி மூன்று தட்டுத் தட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். அப்படியே தெரு முழுவதும் எழுந்துவிடும்.

அன்று படகுகள் இன்னும் திரும்பவில்லை. சங்கை எதிர்பார்த்து, தூதாவோடு சேர்த்து ஆறு பெண்கள் அவள் வீட்டில் விழித்திருந்தார்கள். வாற்கோதுமை ரொட்டி, மிஞ்சிய ஹரீராக் கஞ்சி. பிஹியும் அங்கேதான் உண்டான்.

"ஏண்டி தூதா, உம் புருசன் வாசல்ல நின்னு கூப்புட்டா எந்திரிப்பியா, சங்கு ஊதுனாத்தான் எந்திரிப்பியா?" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு இஜ்ஜா.

"அவரு கூப்புட்டா எனக்குக் காது கேக்காது இஜ்ஜா. சங்குக்கு மட்டுந்தான் கேக்கும்."

"கேட்டுக்கோ பிஹி, உன் தங்கச்சி லட்சணத்த!"

சிரிப்பு அடங்குமுன் பிஹி செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். அதனால் பிழைத்தான்.

பதினைந்து நொடி. ஒரு துண்டு ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்து வாயில் வைக்கும் நேரம். கடலுக்கு அடியில் ஆயிரம் பீப்பாய்கள் உருள்வது போன்ற ஓசை... பிறகு மலை உச்சிக் கோட்டை சரிந்தது. பிறகு நகரம். ஆலையின் புகைபோக்கி பாதியில் முறிந்து விழுந்தது. கொதிகலன் மட்டும் நின்றது. இத்தர் கடற்கரைச் சாலையில் ஓடினான். ஒரு விளக்கு இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. சாலை முடியும் இடத்தில் ஃபுந்தித் தெரு இருக்க வேண்டும்.

புழுதிதான் இருந்தது. வெதுவெதுப்பான புழுதி. அதில் ரொட்டி கருகும் வாசனை.

அவனும் பிஹியும் இரண்டு நாள் தோண்டினார்கள். மண்வெட்டி கிடைக்கவில்லை, கதவுப் பலகையால் தோண்டினார்கள். நகம் பெயர்ந்தது. பெயர் சொல்லிக் கத்தினார்கள். பதில் இல்லை. இரண்டாம் நாள் மாலை இத்தர் சட்டென்று எழுந்து நின்றான்.

"மச்சான், நீ காத மண்ணுல வச்சுக்கிட்டு இங்கயே கெட. நான் சங்கு ஊதுறேன்."

"பைத்தியமா மாப்ளே உனக்கு? வேலைக்கா கூப்புடப் போற?"

"அவளுக்கு அது மட்டுந்தான் கேக்கும்."

ஆலைக்குப் போனான். கிடைத்த மரத்தையெல்லாம் அடுப்பில் திணித்தான். இருட்டும் நேரத்தில் சங்கு அலறியது. பிணங்களின் மேல், பிழைத்தவர்களின் மேல், குரலற்ற அந்த நகரத்தின் மேல் அலறியது.

பிஹி குப்புறக் கிடந்தான். காதுக்கு அடியில்... வெகு ஆழத்தில்... ஒன்று. இரண்டு. மூன்று.

உடனே இன்னொரு தட்டு, கொஞ்சம் மெதுவாக. அடுத்தது, நடுக்கத்தோடு. ஆறு பேர். ஆறு விதம்.

இரவு முழுவதும் தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழம் இறங்கினார்கள். விடியும்போது லாரிகள் வந்தன.

மூட்டை மூட்டையாகச் சுட்ட சுண்ணாம்பு. முகத்தில் துணி கட்டிய சிப்பாய்கள். நகரம் நாறுகிறது, கொள்ளைநோய் வரும், எல்லோரும் வெளியேறுங்கள், மூடிவிடுகிறோம் என்பது கட்டளை. கட்டளை! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை கொலைகாரர்கள் ஒளிந்து நின்றிருக்கிறார்கள், இந்த உலகத்தில்!

இத்தர் குழியிலிருந்து ஏறிவந்து அதிகாரியின் காலைப் பிடித்தான்.

"ஐயா, உள்ள ஆறு பொம்பளைங்க உசுரோட இருக்காங்கய்யா. தட்டுறாங்க."

"எலிய்யா அது."

"எலி எண்ணி எண்ணி மூணு தட்டு தட்டுமாய்யா?"

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"சரி. நீ போயி ஊது. என் காதால கேட்டேன்னா நிறுத்திடுறேன்."

இத்தர் அவன் கையை முத்தமிட்டான். இரண்டு நாள் பட்டினிக் கால்களோடு ஓடினான். ஆலைக்கு அரைமணி நேர ஓட்டம். சாலை வளைவில் அவன் தலை மறைந்தது...

"கொட்டுங்கடா."

பிஹி லாரியின் முன்னே பாய்ந்தான். துப்பாக்கிக் கட்டை அவன் வாயில் இறங்கியது. அந்த நான்கு பற்கள், நண்பர்களே, அங்கே கிடக்கின்றன. இரண்டு பேர் அவன் முதுகில் ஏறி நின்றார்கள். சுண்ணாம்பு குழியை நிரப்பியது. பொடி பறக்கிறது என்று தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்து அடித்தார்கள்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் கொத்தனார்களைக் கேளுங்கள்.

தரை கொதித்தது. வெள்ளை ஆவி சீறி எழுந்தது. சரியாக அந்த நேரத்தில் சங்கு ஒலித்தது.

தட்டினார்கள். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து... மூன்று. நிறுத்தாமல் மறுபடி மூன்று. பிறகு எண்ணிக்கை இல்லை. இடித்தார்கள். ஆறு பேரும் சேர்ந்து இடித்தார்கள். தரை அதிர்ந்தது. குழாய் பிடித்திருந்த சிப்பாய் ஒருவன் அதைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். அதிகாரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்தது. பிஹி அவன் முகத்தைப் பார்த்தான்.

இடி தேய்ந்தது. பிராண்டல் ஆனது. பிறகு கொதிக்கும் ஓசை மட்டும்.

இத்தர் மூச்சு வாங்க ஓடி வந்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"கேட்டுச்சா மச்சான்? தட்டுனாளா?"

பிஹியின் வாய் நிறைய இரத்தம். தலையை மட்டும் அசைத்தான். இத்தர் திரும்பிக் குழியைப் பார்த்தான்... குழி இல்லை. வெள்ளையாக, சமமாக, ஆவி பறக்கும் தரை.

அவன் வெறுங்கையால் அதைத் தோண்டத் தொடங்கினான். கை வெந்தது. நிறுத்தவில்லை. சிப்பாய்கள் அவனை அடித்துத் துவைத்து லாரியில் எறிந்தார்கள்.

நாற்பது நாள் கழித்து ஆலை திறந்தது. வேறு ஆள் இல்லை என்று, கட்டுப் போட்ட கையோடு இத்தரையே கொதிகலனுக்கு அழைத்தார்கள். அன்று பின்னிரவில் படகு வந்தது. அவன் கயிற்றை இழுத்தான்.

கூடாரங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். மேசைகளில் வரிசையாக நின்று மீன் தலை கொய்தார்கள். கடைசி மேசை இருட்டில் இருந்தது. அங்கே யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் அங்கே வேலை நடந்தது.

அந்தப் பக்கமிருந்து மீன் நாற்றம் வரவில்லை. ஈரச் சுண்ணாம்பு நாற்றம். மேற்பார்வைக்காரி கூடையை இழுத்துப் பார்த்தாள். மீன் எல்லாம் வெந்து வெளுத்திருந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

இத்தர் ஓடவில்லை. இதை அங்கிருந்த பெண்கள் பிஹியிடம் சொன்னார்கள். அவன் மெல்ல நடந்து போய், "தூதா" என்றான். இரண்டு முறை சொன்னான். முதுகு காட்டி நின்றவள் திரும்பவில்லை. மூன்றாம் முறை தோளைத் தொட்டான். அவள் கைகளைத் தூக்கிக் காட்டினாள்... மணிக்கட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை.

காலையில் இத்தரைக் காணோம். பிஹிக்குத் தெரியும் எங்கே தேடுவதென்று. ஃபுந்தித் தெருவைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்கு உள்ளே, அந்த வெள்ளைத் தரையில், காதை வைத்துப் படுத்திருந்தான். பிஹி புரட்டினான். தரையில் பட்ட பக்கம் முகம் இல்லை.

இனி, சென்ற வாரம் நடந்தது. அந்த நிலத்தில் சுற்றுலா விடுதி எழுகிறது. நீச்சல் குளத்துக்குப் பள்ளம் வெட்டும்போது சுண்ணாம்பு ஓடு உடைந்தது. கீழே வெற்றிடம். காற்று மேலே வந்தது. கெட்ட காற்று அல்ல, அடுப்படிக் காற்று. பிஹி ஓடிப்போய், தோண்டிப் பார்க்கச் சொல்லி ஒப்பந்தக்காரனிடம் மன்றாடினான்.

"பழைய கெணறுய்யா அது. சிமெண்ட ஊத்துனா சரியாப் போயிரும்."

பிஹி நேற்று நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு கூடையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்துக் கயிற்றில் இறக்கினான். பாங்கு முடிந்தது. இழுத்தான். கூடை காலியாக வந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

இன்று காலை அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒப்பந்தக்காரரே, கெணத்துல ரொட்டி திங்கிறது யாருய்யா?" ஒப்பந்தக்காரன் வேலைக்காரர்களை விட்டு அவனை வெளியே தள்ளினான்.

நாளை விடியலில் சிமெண்ட் லாரி வருகிறது. அதை ஓட்டப் போகிறவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். சுண்ணாம்பு லாரி ஓட்டியவனும் நோன்பாளிதான்; அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்; கட்டளை என்றான், ஓட்டினான். தம்பி, நீ ஓட்டாதே. சாவியை இப்போதே என் கையில் கொடு.

மற்றவர்களே, விடியுமுன் சஹர் உணவு உண்ட கையோடு மண்வெட்டி எடுத்து வாருங்கள். உள்ளே இருப்பது உயிரா உடலா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் தோண்டுங்கள். உயிரென்றால் கை கொடுங்கள். உடலென்றால் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி, தொழுது அடக்குங்கள். ஆனால் தோண்டுங்கள்!