ஒரு சொட்டுக்கு அனுமதி

அவையை ஆளும் தலைவர் அவர்களே! இருபுறமும் அமர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! மாடியில் நின்றபடியே கேட்கும் அன்பர்களே! குழாய் முறுக்கிக் காய்ப்பேறிய இந்தக் கைகளைக் கூப்பி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

'சொட்டும் கசியாத தெரு' என்று எழுதி எனக்கொரு கேடயம் தந்தீர்கள். கொளுத்தும் கோடையில் வீடு வீடாக ஏறினேன், வாஷர் மாற்றினேன், ஒழுகிய குழாய்களையெல்லாம் ஊமையாக்கினேன். பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசியாக நான் அடைத்த கசிவைப் பற்றி யாருமே கேட்கவில்லையே!

அது என் வீட்டுப் பின்சந்தில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருந்தது. அதன் எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு கட்டில். கட்டிலில் என் மனைவி. குளிர்காலத்தில் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள் இன்னும் எழவில்லை. அவள் பார்க்க மரம் உண்டா? இல்லை. வானம் உண்டா? கைக்குட்டை அளவு! அந்தச் சொட்டும், அது விழுந்த இடத்தில் படர்ந்த உள்ளங்கை அகலப் பாசியும்தான் அவளுக்குக் காடு, அவளுக்கு ஆறு, அவளுக்குக் கடல்!

அந்த ஆற்றங்கரைக்குக் காலை பதினொரு மணிக்கு ஒருவர் வருவார். வாலாட்டிக் குருவி! வந்ததும் குடிக்காது. இப்படியும் அப்படியும் நடக்கும், பாசியைக் குனிந்து பார்க்கும், வாலை ஆட்டும், குழாயை முறைக்கும். பிறகுதான் அலகை உயர்த்தி ஒரு சொட்டு வாங்கும். "ஏங்க, சூப்பர்வைசர் வந்துட்டார்! உங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறார், ஓடி வாங்க!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே, பசிக்காவிட்டாலும், பதினொரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவேன்.

கைதட்டாதீர்கள் ஐயா, இனிமேல்தான் என் லட்சணம் தெரியப்போகிறது.

ஒருநாள், கேடயத்துக்காக மறுநாள் தெருவைப் பரிசோதிக்க வருகிறார்கள் என்றார்கள். எல்லார் குழாயையும் அடைத்தவன் வீட்டுக் குழாய் ஒழுகலாமா? அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் முறுக்கிவிட்டேன். விழித்தவள் கேட்டாள், "சொட்டு ஏங்க நின்னுபோச்சு?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "தொட்டியில தண்ணி கம்மி" என்றேன்! கட்டியவளிடம், கட்டிலில் கிடப்பவளிடம், கூசாமல் பொய் சொன்னேன்.

குருவி வந்தது. காய்ந்த குழாயைக் கொத்தியது. போய்விட்டது. "தாகத்தோட போகுதுங்க" என்றாள். பிறகு வரவேயில்லை. பாசி பழுப்பாகிவிட்டது. இப்போதும் பதினொரு மணிக்குப் போகிறேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை.

என்ன தம்பி? "கிண்ணத்துல தண்ணி வைக்கலாமே அண்ணே" என்கிறீர்களா? வைத்தேன் தம்பி! பத்து மணிக்கே அது வெந்நீர். மறுநாள் காகம் கவிழ்த்தது.

கல்லும் கம்பியும் கண்ணாடியுமாய் நாம் எழுப்பிய நகரத்தில், கதவைத் தட்டாமல் வந்த ஒரே விருந்தாளி அது! அதற்காக நான் கேட்பது ஆறா? ஏரியா? அருவியா? சொட்டு ஐயா, ஒரே ஒரு சொட்டு! இந்தக் கோடை முடியும்வரை அந்த ஒரு குழாய் கசிய அனுமதி கொடுங்கள்!

தலைவர் தலையசைக்கிறார். "கேடயத்துல எழுதினதை நாங்க திருத்திக்கறோம், நீங்க போய் முறுக்கினதைக் கழட்டுங்க" என்கிறார்! வாழ்க அவர் மனம்! ஒரு குழாய்க்காரனின் குமுறலுக்குக் காதுகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

ஒலிபெருக்கி என் வீட்டுப் பின்சந்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. ஆகவே ஒருத்திக்கு மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை.

கேக்குதா? தொட்டியில தண்ணி நிறைய இருக்கு. அடைச்சது நான்தான். அந்தக் குருவி மறுபடி வருமான்னு எனக்குத் தெரியலை. நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் வருவேன். கூப்பிடுறியா?