பருப்பு வெந்த தண்ணீர்

எங்கள் பக்கத்தில் மனை வாங்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் தண்ணீர். ஒரு பிடி துவரம் பருப்பைக் கையோடு கொண்டுவந்து, அந்த இடத்துத் தண்ணீரிலேயே வேகவைப்பார்கள். பருப்பு மசிந்தால் மனை கைமாறும். நல்ல வழக்கம்தான் ஐயா, நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மனைகள் ஊத்துக்கோட்டை சாலையில், நகராட்சி குப்பை கொட்டி நிறுத்திய மேட்டை ஒட்டி இருந்தன. செம்மண் பரப்பி, மல்லிகை நகர் என்று பெயர் வைத்தேன். போர் போட்டு, வந்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தோம். விடிந்து பார்த்தால் மேலே எண்ணெய்ப் படலம், அடியில் கருப்பாகச் சளி. செத்த எலி ஊறிய நாற்றம். கால் கழுவக்கூட நான் அதைத் தொடவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஆசீர்வாதமும் அவன் மனைவி கங்கம்மாவும் மனை பார்க்க வந்தார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அன்று போர்த் தண்ணீர் ஏறும் மேல்தொட்டியைக் கழுவி, வெளியூர் லாரித் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தேன். பருப்பு வெண்ணெயாய் மசிந்தது. மகள் பிரின்சிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, "தண்ணி சக்கரையா கீது நைனா" என்றாள் கங்கம்மா.

வீடு கட்டிக் குடிவந்த பிறகு மறுபடி வந்து நின்றாள். "தண்ணி மஞ்சளா வருது நைனா. பாப்பாவுக்கு வவுத்தால போய்க்கினே கீது."

"புது போரும்மா. எறைக்க எறைக்கத் தெளிஞ்சிடும். காய்ச்சிக் குடிங்க."

குடிக்காதே என்று சொல்லியிருந்தால் மீதி மனைகளை யார் வாங்குவார்கள்? அவர்களும் என் பேச்சை நம்பி, காய்ச்சிக் குடித்தார்கள்.

அடுத்த கோடையில் பிரின்சி சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். மாலையோடு போனேன். வீடு முழுக்க அதே நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டேன். கங்கம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்தால போச்சு நைனா எம்பொண்ணு? நீயாவது சொல்லேன்."

"காய்ச்சின தண்ணிய மூடி வெச்சியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். என்றைக்கோ மூடாமல் விட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நானே கொன்னுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்றும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறாளாம்.

கொன்றது என் தண்ணீர்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு தாய் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை.