வல்லிபுரம் ஐயா நகர்த்தாத முள்

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவர் திரு சுப்பிரமணியம் அவர்களே, துயரத்தைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் கமலாம்பிகை அம்மையார் அவர்களே, குருணிலிருந்தும் திகாம் பத்துவிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சொந்தக் கருவியில் வானலையில் பேசிக்கொள்ளும் நம் வானொலிக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் இந்த ரவிச்சந்திரன் என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள். இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த வல்லிபுரம் ஐயா? தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நம் கழக உறுப்பினர். அவ்வளவுதானா? குருணில் தம் வீட்டையொட்டிய கடைவீட்டில், பழைய வானொலிப் பெட்டிகளுக்கென்றே ஒரு காட்சியகம் வைத்த மனிதர்! ரப்பர் தோட்டங்களை விற்று அங்கிருந்த மக்களைக் கிளப்பியபோது, குப்பைக்குப் போகவிருந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பேச வைத்தவர். அங்கே நுழைய ஒரே ஒரு சட்டம்தான். அலைவரிசை காட்டும் முள்ளைத் தொடக்கூடாது.

ஏன்? ஒவ்வொரு பெட்டியின் முள்ளும், அதைக் கடைசியாகக் கேட்டவர் எங்கே விட்டாரோ அங்கேயே நிற்க வேண்டும். கேட்டவர் செத்திருக்கலாம். அந்த நிலையத்தையே மூடியிருக்கலாம். முள் நகரக்கூடாது. "அது அவையள் விட்ட இடம், எங்கட இடம் இல்லை" என்பார் ஐயா.

சென்ற ஆண்டு கழகத்தோடு அங்கே போனோமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பெட்டியாக முடுக்கிக்கொண்டே போனார். வால்வு சூடேறும்வரை சத்தம் வராது. பிறகு, தூங்குகிற ஆள் மூச்சு விடுவதுபோல் இரைச்சல் மெல்ல எழும். நல்ல பகல். வெளியே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் எனக்குப் புறங்கழுத்து சிலிர்த்தது. நாம் நிற்கிற இடத்தில் ஏற்கெனவே யார் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

சன்னலோரப் பெட்டியில் வெறும் இரைச்சல். நம் திவாகரன் அதன் பக்கத்தில் நின்றார். தலையைக் குனியாதீர்கள் தம்பி, எங்களில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். இரைச்சலைக் கேட்டால் வானொலிக்காரன் கை சும்மா இருக்குமா? நிலையத்தைப் பிடிப்போம் என்று நல்ல மனத்தோடு குமிழைத் திருப்பினார். ஒரு மலாய்ப் பாட்டு கணீரென்று வந்தது. நாங்கள் கைதட்டினோம். ஐயோ, கைதட்டினோமே!

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்தார். "என் புள்ள எங்க?" என்று கேட்டார்.

அவர்தான் ராக்காயி அம்மாள், திகாம் பத்து பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். மகன் காளிதாசன் தஞ்சோங் டாவாயில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். படகுக்காரர்கள் கம்பியில்லாக் கருவியில் பேசிக்கொள்வது, அப்போது அம்மாளின் வீட்டில் இருந்த அந்தப் பெட்டியில் கேட்கும். கரை திரும்பும்போது, "அம்மா, சோத்தப் போட்டு வையி, வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வாராம். ஒரு நாள் படகு வரவில்லை. உடல் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அன்று முள் நின்ற இடத்தை அந்தத் தாய் அதன்பின் நகர்த்தவே இல்லை. பெட்டி பழுதாகி ஐயாவிடம் வந்தபிறகு, வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து அதன்முன் உட்காருவார். அந்த இடத்தைத்தான் நாங்கள் தொலைத்துவிட்டோம்.

ஐயா யாரையும் திட்டவில்லை. ஏதாவது ஓர் இடத்தில் வைத்து இதுதான் என்று சொல்லிவிடலாமே, இரைச்சலில் என்ன வித்தியாசம் என்று எங்களில் ஒருவர் அவர் காதில் சொன்னார். ஐயா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அந்தப் பிள்ளையைப் பொய்யான இடத்தில நிப்பாட்டச் சொல்லுறியளோ?" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இருவரும் தேடினார்கள். ஐயா குமிழை மயிரிழை நகர்த்துவார். அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இங்க இல்லீங்கய்யா" என்பார். மாதக்கணக்கில் இப்படியே! கடைசியில் ஒரு நாள் அம்மாள், "இங்கதான்" என்றார். அன்று ஐயா வீட்டுக்கு வந்து அழுததாகக் கமலாம்பிகை அம்மையார் சொன்னார். அங்கே உண்மையில் என்ன கேட்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் காது வைத்தேன். இரைச்சல்தான். ஆனால் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இந்த மாதம் ஐயா நம்மை விட்டுப் போனார். கழகத்தில் ஒருவர் இறந்தால் வானலையில் அவருக்கென்றே இருந்த அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவது எங்கள் வழக்கம். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அலைவரிசையை மூடுவோம். சென்ற வெள்ளிக்கிழமை மாலை அதற்கு ஏற்பாடு செய்ததை ராக்காயி அம்மாளிடம் சொன்னேன்.

"பதில் வருமா தம்பி?"

"வராதும்மா."

"தெரிஞ்சேதான் கூப்புடுறீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நானும் கேக்கணும்லா."

பழைய பெட்டியில் தெளிவாகக் கேட்கும்படி திவாகரன் தம் வீட்டிலிருந்து பழைய முறையிலேயே ஒலிபரப்பினார். நான் அம்மாளோடு காட்சியகத்தில் இருந்தேன். வேறு பெட்டியில் கேளுங்கள் அம்மா, உங்கள் முள் நகர வேண்டாம் என்று கெஞ்சினேன். "அதெல்லாம் அடுத்தவங்க எடம். இது ஒண்ணுதான் என்னோடது" என்றார். அவ்வளவு காலம் காத்த முள்ளை, தொலைத்துத் தேடி மீட்ட முள்ளை, ஐயாவைக் கூப்பிடும் அலைவரிசைக்குத் தம் கையாலேயே திருப்பினார்!

திவாகரனின் குரல் வந்தது. ஐயாவின் குறியை மூன்று முறை சொன்னார். பிறகு பதிலுக்குக் காத்திருந்தார்; வெறும் இரைச்சல். அம்மாள் பெட்டியின்மேல் காதை வைத்தபடி நெடுநேரம் இருந்தார்.

"இங்கயும் அதே இரைச்சல்தான் தம்பி. ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருக்காங்க."

முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

நண்பர்களே! காட்சியகத்தை மூடப்போவதில்லை என்று கமலாம்பிகை அம்மையார் சொல்லியிருக்கிறார். இனி வெள்ளிக்கிழமைதோறும் நம்மில் ஒருவர் போய்க் கதவைத் திறப்போம், பெட்டியை முடுக்குவோம், ராக்காயி அம்மாளின் பக்கத்தில் உட்காருவோம். என்ன கேட்கிறது என்று அவரிடம் கேட்கவேண்டாம். செய்வோமா?

வல்லிபுரம் ஐயா அவர்களே, அந்த முள் இப்போது உங்கள் இடத்தில் நிற்கிறது. நாங்கள் தொடமாட்டோம்.