கதவோரக் கடைசி வரிசை

என் பேரு கார்டுல இருக்கறத நீங்களே பாத்து எழுதிக்கிட்டீங்க. ஆனா அந்தப் பேரச் சொல்லித் தேடினா என் பொண்டாட்டியே அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லிடுவா. மட்டம் பாக்குற கருவி எப்பவும் என் பையில இருக்கறதால வேலை இடத்துல எல்லாருக்கும் நான் ரசமட்டம்தான். வயசு ஐம்பத்தி நாலுன்னு போடுங்க, ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மூணாவது சந்து, தகரக் கதவு வெச்ச வீடு. தொழில் டைல்ஸ் ஒட்டறது. இருபத்தெட்டு வருஷமா முட்டி போட்டே பொழைக்கிறேன், அதான் ஐயா முன்னாடி கால நீட்டி உக்காந்திருக்கேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

யாரும் என்னைக் கூப்பிட்டு விடல, நானாத்தான் வந்தேன். பத்து நாளா தலையில அடிபட்டு நெனவில்லாம ஆஸ்பத்திரியில கெடக்குறாரே, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், அவர் வழுக்கி விழுந்த பாத்ரூம் தரை நான் போட்டது. மருமகதான் வேணும்னே சோப்புத் தண்ணி ஊத்தி விழ வெச்சான்னு அவரோட மக புகார் குடுத்திருக்காங்க, அந்தப் பொண்ண நேத்துலருந்து இங்க வெச்சு விசாரிக்கிறீங்க. அது விஷயமாத்தான் வந்தேன்.

மூணு மாசம் இருக்கும், மேஸ்திரி என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினாரு. பழைய தரை அங்கங்க பேந்து, தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு, கீழ வீட்டுக் கூரையில ஈரம் எறங்கியிருந்துச்சு. மொத்தமா ஒடச்சு எடுத்துட்டு, தண்ணி எறங்காம ரெண்டு கை மருந்து பூசி, மேல கலவை போட்டு டைல்ஸ் ஒட்டணும்னு சொன்னேன். டிரைவர் ஐயாவுக்கு ஹால்ல இருக்கற மாதிரி பளபளன்னு, குனிஞ்சா மொகம் தெரியற டைல்ஸ்தான் வேணும். ரெண்டு பெட்டி வாங்கியும் வெச்சுட்டாரு. அந்த மருமகப் பொண்ணு ஒத்துக்கல. "மொகம் பாக்கக் கண்ணாடி இருக்கு மாமா, கால் வெக்கத்தான் தரை"ன்னு சொல்லிட்டு, அந்த ரெண்டு பெட்டியையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுக் கடைக்குப் போயி, சொரசொரப்பா, சின்னச் சின்னதா இருக்கற டைல்ஸா மாத்திக்கிட்டு வந்துச்சு. சின்னதா இருந்தா இடுக்கு நெறைய வரும், கால் வழுக்காது, அத அந்தப் பொண்ணு யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருந்துச்சு. செவுத்துல கைப்பிடிக் கம்பி ஒண்ணு வெக்கச் சொன்னதும் அதுதான். அவர் என்னைப் பாத்து, "இவகிட்ட வாய் குடுத்து நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்லய்யா, நீயாவது பாத்துப் பொழச்சுக்கோ"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஐயா. அதையும் எழுதிக்கோங்க.

அதுக்கப்புறம் ஒடச்சோம், மருந்து பூசினோம், ரெண்டு நாள் தண்ணி கட்டி நிறுத்திப் பாத்தோம், கீழ ஒரு சொட்டு எறங்கல. அதுக்கப்புறம் கலவை போட்டேன். பாத்ரூம் தரைக்கு வாட்டம் முக்கியம், எங்க ஊத்தினாலும் தண்ணி தானா மூலையில இருக்கற ஓட்டைக்கு ஓடற மாதிரி ஒரு சரிவு குடுக்கணும். தரை போடறவன் உள் மூலையில ஆரம்பிச்சுப் பின்னாலயே நகர்ந்து நகர்ந்து கதவுக்கு வெளிய வந்துதான் முடிப்பான், இல்லன்னா ஒட்டின டைல்ஸ் மேலயே நிக்கணும். அதனால நாள் பூரா செஞ்ச தப்பெல்லாம் கடைசி வரிசையிலதான் வந்து சேரும். விஷயத்துக்குத்தான் வர்றேன் ஐயா, இது தெரியாம அது வெளங்காது.

கடைசி வரிசை மட்டும் பாக்கி இருக்கறப்ப ஒரு டைல்ஸ வெச்சுக் கதவ உள்ள தள்ளிப் பாத்தேன். இடிச்சுச்சு. மருந்து, கலவைன்னு தரை ஒசந்து போச்சு, கதவு அடிய இழைக்கணும். தச்சு வேலைக்காரருக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. கொழைச்ச பசை வாளியில எறுகிக்கிட்டிருந்துச்சு. எனக்கும் முட்டி விட்டுப்போச்சு. அந்தக் கடைசி வரிசைய மட்டும் ரெண்டு தீக்குச்சி கனம் கீழ எறக்கி ஒட்டிட்டேன். கதவு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. மறுநாள் வெளிய நின்னே கைய எட்டி நீட்டி உள்ள ஒரு வாளி தண்ணி ஊத்தினேன், அழகா மூலைக்கு ஓடிச்சு, எல்லாரும் பாத்தாங்க. என் கைக்குக் கீழ இருந்த வரிசையில நான் ஊத்தல. ஊத்தினா நிக்கும்னு எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு மாசத்துல அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. "அண்ணே, கதவோரம் தண்ணி நிக்குது, வழவழன்னு பாசி பிடிக்குது, வந்து பாருங்க"ன்னு. வர்றேம்மான்னு சொன்னேன், போகல. ரெண்டாவது தடவையும் பண்ணுச்சு, வேற வீட்டுல வேலையா இருந்தேன். மூணாவது தடவை பண்ணப்ப, "சோப்புத்தூள் நெறையப் போட்டு, ஊற வெச்சு, பிரஷ்ஷால தேச்சு விடும்மா, போயிடும்"னு சொன்னேன். போனவாரத்துக்கு மொத வாரம் செவ்வாக்கெழம அது. வியாழக்கெழம காலையில அவர் விழுந்துட்டாரு.

அந்தப் பொண்ணு கதவோரம் குந்தி சோப்புத்தூள் கொட்டினத நாத்தனார் கண்ணால பாத்ததாச் சொல்றாங்க. பாத்திருப்பாங்க. அவங்க பொய் சொல்லல. கொட்டச் சொன்னது நான். ஊற வெச்சுட்டு அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடியிருக்கு, அந்த நேரம் பாத்து அவர் உள்ள கால் வெச்சிருக்காரு. வாட்டம் சரியா இருந்திருந்தா சோப்புத் தண்ணி அங்க நின்னிருக்காது. பாசியே பிடிச்சிருக்காது, தேய்க்கற வேலையும் இருந்திருக்காது. அது மூணு தடவை கூப்பிட்டது என் போன்ல இருக்கு, பாத்துக்கோங்க.

இப்ப உள்ள வர்றப்ப அந்தப் பொண்ணப் பெஞ்சில பாத்தேன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, மாமா கண்ண முழிச்சாரா"ன்னு கேட்டுச்சு. தரையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

மத்தியானம் மேஸ்திரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "வழுக்கி விழுந்தாருன்னு போயிடும், நீ ஏன் கழுத்தக் குடுக்கற? நாளைக்குக் காலையில ஆள விட்டு அந்த வரிசையப் பேத்து ஒசத்திப் போட்டுடறேன், அப்புறம் யார் வந்து அளந்தா என்ன"ன்னாரு. சரின்னு தலையாட்டிட்டு நேரா இங்க வந்துட்டேன். அதனால ஐயா, இன்னைக்கே யாராவது அந்த வீட்டுக்குப் போயி, கதவோரம் அரை குவளை தண்ணி ஊத்தி, போட்டோ எடுத்து, அந்த அறையப் பூட்டிடுங்க. நாளைக்குப் போனா ஒண்ணும் இருக்காது, என் பேச்சு மட்டும்தான் இருக்கும். இனிமே எனக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். என் மேல கேஸ் வரும்னு நீங்க சொன்னதும் வெளங்கிச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல.

இதெல்லாம் நானா வாய்தொறந்து சொன்னது, யாரும் மெரட்டல, சொல்லியும் குடுக்கல. எனக்குப் படிக்கத் தெரியாததால எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, நான் சொன்னபடியேதான் இருக்கு, எல்லாம் நெசம்.

சொன்னவர் இடது கைப் பெருவிரல் ரேகை.

குறிப்பு: சிமென்ட் வேலையால் விரல் தேய்ந்திருப்பதால் ரேகை முதல் இரு முறை பதியவில்லை. அவரே கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மறுபடி வைப்பதாகச் சொன்னார். மூன்றாவது முறை பதிந்தது. நேரம் மாலை 4.10. இடத்தைப் பார்வையிட 4.25க்குப் புறப்பட்டோம்.

பதிவு செய்த காவலர் கையொப்பம்.